இடக்கால் ஒட்டாத எழுத்து

ஆனி மாதத்துக் காற்று தேரிக்காட்டின் செம்மணலை அள்ளிவந்து கிருபாவிளையின் ஓட்டுக்கூரைகளிலும் சோற்றுப்பானைகளிலும் பாரபட்சமில்லாமல் தூவிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஊர் வேதக்கோயிலின் முகமண்டபத்து இடதுபக்கத் தூண், நூற்று முப்பது வருஷமாகத் தான் சுமந்துவந்த தேக்கு உத்தரத்தை விட்டு ஒரு விரற்கடை விலகி நின்றது. உத்தரம் விழவில்லை. தூண் சாயவில்லை. மணியடிக்க வந்த கோயில்பிள்ளைதான் அதை முதலில் பார்த்தார். பார்த்துவிட்டு, மணியை அடித்து முடித்த பிறகே ஊருக்குச் சொன்னார், ஏனென்றால் தூண் விலகினாலும் ஆறரை மணி ஆறரை மணிதான்.

சேதி வந்தபோது சுகிர்தம் தன் மாவு மில்லில் கம்பு அரைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. புருஷன் போய்ப் பதினாலு வருஷம். தலைமுடியில் எது நரை, எது மாவு என்று அவளுக்கே தெரியாது. பெல்ட்டின் இரைச்சலுக்கு மேலே யாரோ வாசலில் நின்று, "யக்கா, கோயில் தூணு உத்தரத்த விட்டுட்டு" என்று கத்தியதும் மெஷினை நிறுத்தவில்லை, "விடட்டும்" என்றாள். கோயில் மேல் அவளுக்கு அன்றைக்கு அவ்வளவு கோபம்.

கோபத்துக்குக் காரணம் பின்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. மகள் கெத்சியாள், மருமகன் ஆமோஸ், நான்கு வயதுப் பேத்தி. கிருபாவிளையில் வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் ஒரே பாட்டைப் பாடும், ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று பெண் கொடுக்காது, பெண் எடுக்காது, செத்தபிறகும் கல்லறைத் தோட்டத்தில் தெற்குத் தெரு தென்மூலையில்தான் படுக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் வடக்குத் தெரு கெத்சியாளும் தெற்குத் தெரு ஆமோஸும் பஸ் ஏறிப்போய்ப் பதிவு ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் சேர்ந்தார்கள். சபைக் கமிட்டி இரண்டு பேரின் பெயரையும் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு நீக்கியது. கோயிலுக்கு வெளியே தாலி கட்டியதுதான் குற்றம், தெருவெல்லாம் காரணமே இல்லை என்று கமிட்டி சொல்லிற்று. அந்தக் கோட்டுக்குக் கீழே சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். போட்டது சுகிர்தம்.

யாருக்கும் அவள் அதைச் சொன்னதில்லை. கெத்சியாளுக்கும் சொல்லவில்லை.

இப்போது ஊரே கூடிச் சாப்பிடும் கோயில் அசன விருந்துக்கு லீவு போட்டு வந்திருந்த கெத்சியாள், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைக்க வேண்டும் என்று கமிட்டியில் கேட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் கூடினார்கள். செயலாளர் மாசிலாமணி, வெள்ளைச்சட்டையும் கக்கத்தில் சாவிக்கொத்துமாக இருபத்தோரு வருஷம் அந்தக் கோயிலைக் காத்தவர், கொஞ்சமும் குரல் உயர்த்தாமல் சொன்னார்: "ரெண்டு பேரும் பீடத்துக்கு முன்னால முழங்கால் போட்டு, செஞ்சது பாவம்னு சபைக்கு முன்னால சொல்லணும். அப்புறம் பாக்கலாம்."

"எது பாவம் பெரியப்பா?" என்று கெத்சியாள் கேட்டாள். "இந்தப் பிள்ளையா?"

மறுநாள் காலையில் தூண் விலகிற்று.

சம்பந்தம் உண்டென்று யாரும் சொல்லவில்லை. சம்பந்தமே இல்லை என்று மாசிலாமணி மட்டும், கேட்காமலே, நான்கைந்து பேரிடம் சொன்னார்.

பக்கத்து ஊரிலிருந்து கொத்தனார் இசக்கிமுத்துவைக் கூட்டிவந்தார்கள். இசக்கிமுத்து அம்மன் கொண்டாடி, கொடையில் சாமியாடுகிறவன்; வேதக்கோயில் விஷயத்தில் அவனுக்கு விருப்பும் இல்லை வெறுப்பும் இல்லை. டேப்பைப் பிடித்து அளந்தான். தூண் பதினாலு அடி. தரையிலிருந்து உத்தரம் பதினாலு அடி. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை. மூன்று தடவை அளந்தான், மூன்று தடவையும் கணக்கு அப்படியே வந்தது. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "அளவு சரியாத்தான் இருக்கு" என்றான். பிறகு சாரம் கட்டி ஏறி, இடைவெளியில் சிமெண்டை வைத்து இழுத்துப் பூசி, ஈரச்சாக்கைச் சுற்றிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலையில் சிமெண்டு தரையில் மாவாகக் கிடந்தது. இடைவெளி ஒரு சாண் ஆகியிருந்தது.

அன்றைக்குத்தான் சுகிர்தம் போனாள். போகக்கூடாதென்றுதான் இருந்தாள். ஆனால் அரைக்க வந்தவர்களெல்லாம் அதையே பேசினார்கள். அந்த வழியாகக் காற்று நுழையும்போது ஒரு சத்தம் கேட்கிறது, பாட்டுமில்லை ஊளையுமில்லை, மூட்டை இறக்கிவைத்த மனுஷன் விடுகிற மூச்சு மாதிரி இருக்கிறது என்றார்கள். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கோயில் முற்றத்தில், வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் நின்று ஏறிட்டுப் பார்த்தாள். மேலே நீளமாக உத்தரம். வலதுபக்கம் உத்தரத்தோடு ஒட்டிய தூண். இடதுபக்கம் ஒட்டாத தூண். அதற்கும் உத்தரத்துக்கும் நடுவில் ஒரு சாண் ஆகாயம்.

அவள் கை தானாகப் பேத்தியின் முதுகில் அந்த வடிவத்தை எழுதிற்று. மேலே ஒரு கோடு. வலதில் ஒரு கால். இடதில், தொடாமல், இன்னொரு கால்.

"ஹே" என்றாள்.

"யார ஆச்சி கூப்பிடுத?" என்றது பிள்ளை.

பத்தொன்பது வயதிலிருந்து முப்பது வயது வரைக்கும் பட்டணத்து மிஷன் அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோக்கிற வேலை பார்த்தவள் சுகிர்தம். வேதக்கல்லூரிக்காக ஒரு எபிரேய இலக்கணப் புத்தகம் அங்கே பதினோரு வருஷம் அச்சாகிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் அதை எழுதிய வாத்தியாருக்கு ஒரு பக்கமும் திருப்தி வரவில்லை. அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாமலே இருபத்திரண்டு எழுத்தையும் அவள் விரல் அறிந்திருந்தது. அவற்றில் இரண்டு அவளை அழவைத்தவை. ஹே என்று ஒன்று, கேத் என்று ஒன்று. இரண்டும் கூரை போட்ட வாசல் மாதிரி இருக்கும். கேத்துக்கு இரண்டு காலும் கூரையில் ஒட்டியிருக்கும், ஹேக்கு இடக்கால் ஒட்டாது. அவ்வளவுதான் வித்தியாசம். கொஞ்சம் மை கூடிவிட்டால் போதும், அந்த இடுக்கில் மை அடைத்து ஹே கேத்தாகிவிடும். புரூப்பைப் பார்த்த வாத்தியார் பூதக்கண்ணாடியும் கையுமாக மாடியிலிருந்து கத்திக்கொண்டே இறங்குவார். "எவ அந்தச் சந்த அடச்சது? அது சும்மா மை விழாத எடம்னு நெனச்சியா? அந்தச் சந்துதாம்மா எழுத்து!"

கத்தி முடித்துக் காபி குடிக்கும்போது அதே கோபத்தோடு சொல்லுவார். ஹே சொல்ல நாக்கு வேண்டாம், உதடு வேண்டாம், பல் வேண்டாம். மூச்சை விட்டால் போதும், சாகப்போகிறவனும் சொல்லலாம், பிறந்த பிள்ளையும் சொல்லலாம். கடவுள் உலகத்தைச் செய்தது இந்த எழுத்தை ஊதித்தான் என்று அந்தப் பாஷைக்காரர்களின் பெரியவர்கள் சொன்னார்கள். வேதத்தில் பிள்ளையில்லாத ஒரு கிழவன் பெயருக்குள்ளும் கிழவி பெயருக்குள்ளும் இதை ஒவ்வொன்றாக வைத்த பிறகுதான் அவர்களுக்குப் பிள்ளை பிறந்தது. தனியாகச் சொன்னால் அதற்கு 'இந்தா' என்று அர்த்தம், கையை நீட்டிக் கொடுக்கிறவன் சொல்லுகிற இந்தா. கீழே அதற்கு முழுசாகத் திறந்த வாசல், ஏனென்றால் போகிறவனை யாரும் பிடித்துவைக்க முடியாது. ஆனால் போனவன் போன வாசலாலேயே திரும்பி வருவது லேசில்லை. அங்கே அவன் காலடி கிடக்கும், வெட்கம் கிடக்கும், பார்த்தவர்கள் நிற்பார்கள். அவனுக்காகத்தான் மேலே, இடதுபக்கம், அந்தச் சந்து.

இதையெல்லாம் சுகிர்தம் இருபத்திரண்டு வருஷமாக நினைத்ததில்லை. இப்போது வேப்பமரத்தடியில் நின்று நினைத்தாள். நினைத்தவுடன் பதிவேட்டின் சிவப்புக் கோடு கண்முன் வந்தது. இடுக்கை அடைத்த கை அவளுடையதும்தான்.

மாசிலாமணி கல் ஆப்பு வைத்து அடைக்கச் சொல்லி இசக்கிமுத்துவை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் நேராக அவரிடம் போனாள்.

"அண்ணாச்சி, அத அடைக்காதிய."

"உத்தரம் விழுந்து ஆள் செத்தா நீயா பதில் சொல்லுவ?"

"விழல்லியே. நிக்குதுல்லா. அது ஒரு எழுத்து அண்ணாச்சி. அடச்சா வேற எழுத்தாயிரும்."

"என்ன எழுத்து?"

சொன்னாள். மாசிலாமணி முழுக்கக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, யார் பேசினாலும் முழுக்கக் கேட்கிறவர். கேட்டுவிட்டு, "கோயில்னா நாலு பக்கமும் அடச்சிருக்கணும் சுகிர்தம். இல்லன்னா மணல் வந்துரும்" என்றார்.

ஆனாலும் சேதி ஊருக்குள் இறங்கிவிட்டது, இறங்கிய சேதியை ஊர் தன் வழக்கப்படி எடுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தவர்கள் தூணுக்கு அடியில் கொஞ்ச நேரம் நின்று மூச்சைவிட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள், அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. ஆஸ்துமாக்காரர்கள் பாயைக் கொண்டுவந்து முற்றத்தில் படுத்தார்கள். கல் ஆப்புகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து, விழுந்தவை ஒருவர் மேலும் படாமல் வரிசையாகக் கிடந்ததால் அவற்றைப் பெண்கள் அம்மிக்கு அண்டக்கொடுக்க எடுத்துப்போனார்கள். வெளியூர் வேன்கள் வந்தன, வேன்களுக்குப் பின்னால் பனங்கிழங்கும் அவித்த கடலையும் வந்தன. தெற்குத் தெருப் பிள்ளைகள் தூணைத் தொட்டு மூச்சுப்பிடித்து விளையாட ஒரு புது விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள், வடக்குத் தெருப் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டார்கள், இரண்டு தெருவும் சேர்ந்து விளையாடியதை மூன்றாம் நாள்தான் பெரியவர்கள் கவனித்தார்கள், அதற்குள் அது பழக்கமாகிவிட்டது.

மெல்ல மெல்ல வேறு சிலரும் வந்தார்கள். வேன்காரர்கள் இல்லை. அசன விருந்தில் குடித்துவிட்டு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெயர் நீக்கப்பட்ட தையல்காரர் யோபு வந்து, முற்றத்துக்கு வெளியே ரோட்டில் நின்று தூணைப் பார்த்துவிட்டுப் போனார். புருஷன் அடிதாங்காமல் பிரிந்துவந்து, அதற்காக நீக்கப்பட்ட ரோஸ்லின் டீச்சர் ஸ்கூட்டியை நிறுத்தாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டே பார்த்துவிட்டுப் போனாள். ரோட்டில் நிற்கிறவர்கள் தினம் ஒவ்வொருவராகக் கூடினார்கள். இந்தச் சின்ன ஊரில் இத்தனை பேரையா நீக்கியிருக்கிறோம் என்று பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணினார்கள்.

புதன்கிழமை பட்டணத்திலிருந்து ஒரு என்ஜினீயர் வந்து, குண்டுநூல் விட்டு, மூன்றுகால் கருவியை வைத்துப் பார்த்து, உத்தரம் இப்படி நிற்க முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுதி முடிக்கும்வரை உத்தரத்துக்கு அடியில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், நிழல் அங்கேதான் இருந்தது.

வியாழக்கிழமை கம்பி கட்டி ஜல்லி போட்டுக் கான்கிரீட் இறுக்கினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கம்பிகள் கோரைப்புல் மாதிரி சுருண்டு கிடக்க, இடைவெளி ஒன்றரை முழமாகியிருந்தது. நின்று நிதானமாகப் பார்த்த இசக்கிமுத்து மேஸ்திரிக் கரண்டியைக் கழுவினான்.

"செக்கரட்டரி ஐயா, நான் வரல்ல. நீங்க அடைக்க அடைக்க அது பெருசாவுது. அதுக்கு இஷ்டமில்ல, விட்டுருங்க."

மாசிலாமணி விடவில்லை. கமிட்டியைக் கூட்டினார். முகமண்டபத்தைச் சுற்றி அவர் காலத்தில் போட்ட இரும்பு கிரில் இருந்தது, தரையிலிருந்து உத்தரம் வரை. ஞாயிறு ஆராதனை பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் நடக்கும், கோயிலுக்குள் யாரும் போகக்கூடாது, அதற்குள் உத்தரத்தை இறக்கிவிட்டு வேறு முகமண்டபம் கட்டலாம் என்று தீர்மானம் எழுதி, கிரில்லைப் பூட்டினார். பக்கக் கதவுகளையும் பூட்டினார். இளவயதுப் போதகர் நவரோஜி, வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆமோஸ் பையை எடுத்துவைத்தான். "லீவு முடியுது அத்தை. பிள்ளைக்குப் பேரு அங்கயே ஏதாவது கோயில்ல வச்சுக்கிடுதோம்."

"நாளைக்கு ஒரு நாள் இருங்க."

"இருந்து?" என்று கெத்சியாள் சீறினாள். "பூட்டியாச்சுல்லா. இன்னும் என்னத்தப் பாக்கணும்? நான் முழங்கால் போட மாட்டேம்மா. செத்தாலும் மாட்டேன்."

"ஒன்ன யாரு முழங்கால் போடச் சொன்னா?" சுகிர்தம் மெஷினை நிறுத்தினாள். நின்ற மெஷினின் அமைதியில் மாவு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. "ஏட்டி, ஒரு விஷயம் சொல்லணும். அன்னைக்கு ஒம் பேர அடிச்சாங்கள்லா, அதுக்குக் கீழ சாட்சிக் கையெழுத்து என்னோடது."

கெத்சியாள் அம்மாவைப் பார்த்தாள்.

"ஏம்மா?"

"பயம். தனியாயிருவேன்னு பயம். போட்ட பிறவுதான் தெரிஞ்சுது, போட்டாலும் தனிதான்னு."

மகள் அழவில்லை, திட்டவும் இல்லை. எடுத்துவைத்த பையைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தாள். "நாளைக்கு ஒரு நாள்தான்" என்றாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சுகிர்தம் நல்ல சேலை உடுத்தி, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, இசக்கிமுத்துவின் நீள ஏணியின் ஒரு முனையைத் தோளில் வைத்து, மறுமுனையை இசக்கிமுத்து பிடிக்க, பெரிய தெரு வழியாகக் கோயிலுக்கு நடந்தாள். பின்னால் கெத்சியாளும் ஆமோஸும் பிள்ளையும். வழியில் யாரும் எங்கே என்று கேட்கவில்லை. ஏணியோடு போகிற ஒரு பெண்ணிடம் அதைக் கேட்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன கூட்டம் ஒவ்வொருவராக வழிமாறி அவர்கள் பின்னால் வந்தது.

மாசிலாமணி பூட்டிய கிரில்லுக்கு முன்னால் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். அவள் அவரைத் தாண்டிப்போய் ஏணியை இடதுதூணில் சாய்த்தாள்.

"சுகிர்தம்! என்ன செய்யுத?"

"கோயிலுக்குப் போறேன் அண்ணாச்சி. இன்னைக்கு ஞாயித்துக்கெழம."

"தீர்மானம் போட்டிருக்கு!"

"போட்டிருக்கு. நானும் ஒரு தடவ கையெழுத்துப் போட்டேன், ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு."

"அந்த உத்தரம் விழும். என்ஜினீயர் எழுதிக் கொடுத்திருக்காரு. ஒன் தல நசுங்கும்."

"நசுங்கட்டும். மொத ஆளா நான்தான் ஏறுதேன். நசுங்குனா மத்தவங்க ஏற வேண்டாம்."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஏறினாள். ஏணி வளைந்தது, ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது, பதினாலு அடி உயரத்தில் அவள் தூணின் தலைமேல் கையூன்றி, தலையை அந்த ஒன்றரை முழச் சந்துக்குள் நீட்டினாள். மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற பருமன் அந்தத் தூணுக்கு. அதன் தலைமேல் குப்புறப் படுத்துத் தவழ வேண்டியிருந்தது. முதுகுக்கு மேலே உத்தரம். நூற்று முப்பது வருஷத்து எடை, எதன்மேலும் இல்லாமல். கால் வெளியே, தலை உள்ளே, நெஞ்சு நடுவில். அங்கே அவள் நின்றுவிட்டாள். பயத்தால்தான். இறங்கிவிடலாம் என்று உடம்பு சொல்லிற்று, மில்லுக்குப் போய்க் கம்பு அரைக்கலாம், எல்லாம் பழையபடி இருக்கும். அப்போது தேரிக்காற்று பின்னாலிருந்து வந்து, அவள் உள்ளங்கால் வழியாக, சேலை வழியாக, முதுகு வழியாக நுழைந்து முன்னால் போயிற்று. போகும்போது அவள் மூச்சையும் சேர்த்து எடுத்துப்போயிற்று. வெளியே நின்ற எல்லாருக்கும், உள்ளே யாருமே இல்லாத கோயிலுக்கும் கேட்கும்படியாக அவள் வாயிலிருந்து அந்த எழுத்து வெளிவந்தது: நாக்கில்லாமல், உதடில்லாமல், பல்லில்லாமல்.

உத்தரம் விழவில்லை.

அந்தப் பக்கம் இசக்கிமுத்து அவிழ்க்காமல் விட்டிருந்த சாரம் நின்றது. அதில் காலை ஊன்றித் திரும்பி, சந்துக்குள் இரண்டு கையையும் நீட்டினாள். "பிள்ளையத் தா" என்றாள்.

ஆமோஸ் பிள்ளையைத் தோளில் வைத்து ஏறிவந்தான். சந்துக்கு நேரே வந்ததும் ஒரு கணம் தயங்கி, "இந்தாங்க" என்று நீட்டினான். பிள்ளை சிரித்துக்கொண்டே தவழ்ந்து வந்தது. அதற்கு அது விளையாட்டு. பிறகு கெத்சியாள். தூணின் தலைமேல் படுத்தபடி அம்மாவின் முகத்துக்கு நேரே முகம் வந்தபோது, "கையெழுத்துப் போட்ட கையக் குடு" என்றாள். சுகிர்தம் வலதுகையைக் கொடுத்தாள். மகள் அதைப் பிடித்து இறங்கினாள். பிறகு ஆமோஸ்.

அடுத்தது யார் என்று யாரும் சொல்லவில்லை. ரோட்டில் நின்றவர்களுக்குள் சின்ன அசைவு. தையல்காரர் யோபு முற்றத்துக்குள் கால் வைத்தார், ஒன்பது வருஷத்துக்கு அப்புறம். ஏணிக்கு வந்து, மாசிலாமணியைப் பார்த்து, "இன்னைக்குக் குடிக்கல்ல" என்று சொல்லிவிட்டு ஏறினார். ரோஸ்லின் டீச்சர் ஸ்கூட்டியை நிறுத்தினாள். தெற்குத் தெரு ஏறியது. வடக்குத் தெருவில் பாதி ஏறியது. பதிவேட்டில் பெயர் பத்திரமாக இருக்கிறவர்களும், ஒரு தடவையாவது இந்த வழியாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஏறினார்கள். கால் விளங்காத கிழவி ஒருத்தியை நாற்காலியில் கட்டிக் கயிறு போட்டு இழுத்தார்கள். போகும் வழியெல்லாம் அவள் சேலையை ஒழுங்காகப் பிடிக்கச்சொல்லி ஏசிக்கொண்டே போனாள். கடைசியாகப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தார் நவரோஜி. மாசிலாமணி அவரைப் பார்த்தார், அவர் மாசிலாமணியைப் பார்த்தார்.

"ஐயரே, நீங்களுமா?"

"ஆடு பூரா உள்ள போயிட்டு அண்ணாச்சி," என்றார் போதகர். "நான் வெளிய நின்னு யாருக்குப் பிரசங்கம் பண்ணட்டும்?" வெள்ளை அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார்.

கோயில் நிறைந்திருந்தது. ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் இல்லை, யாரோ பாட்டிலில் கொண்டுவந்திருந்த தண்ணீரை ஊற்றினார்கள். "பிள்ளைக்கு என்ன பேரு?" என்று போதகர் கேட்டார். கெத்சியாள் அம்மாவைப் பார்த்தாள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அவள் அம்மாவிடம் கேட்ட ஒரே கேள்வி, அந்த எழுத்தில் தொடங்குகிற பெயர் ஏதாவது உண்டா என்பதுதான்.

"ஓசன்னா" என்றாள் கெத்சியாள். அந்தப் பாஷையில் அது ஹே போட்டுத்தான் தொடங்கும்; ஆனால் அது பெயரில்லை, கூச்சல். இப்பவே காப்பாத்து என்கிற கூச்சல்.

போதகர் அந்தக் கூச்சலைச் சொல்லிப் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். பிள்ளை குளிரில் ஹா என்று மூச்செறிந்தது.

மறுவாரம் கமிட்டி பணிந்தது. உத்தரத்தை இறக்கும் தீர்மானத்தைக் கிழித்தார்கள். கிரில்லைத் திறந்துவைத்தார்கள். சிவப்புக்கோடு போட்ட பெயர்களையெல்லாம் புதுப் பதிவேட்டில் திரும்ப எழுதப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். எல்லாரும் வாசல்வழியாக மரியாதையாக வரலாம் என்று கோயில்பிள்ளை தெருத்தெருவாகச் சொல்லிப்போனார்.

சுகிர்தம் அந்த ஞாயிறும் ஏணியைக் கொண்டுபோனாள்.

"தொறந்துதானே கெடக்கு?" என்றார்கள்.

"தொறந்தது சந்தோஷம். அந்த வாசல் வழியாத்தான் எங்கள வெளிய அனுப்புனிய. இது நாங்க வந்த வழி." ஏறினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள். அப்படியே அது நிலைத்துவிட்டது. கல்யாணப் பெண்கள் பட்டுச்சேலையோடு ஏறினார்கள், பெட்டியில் கிடக்கிறவர்களைக் கயிற்றில் ஏற்றினார்கள். ஐப்பசியில் ஒரு தெற்குத் தெருப் பிணம் அந்த வழியாக வந்து கல்லறைத் தோட்டத்தில் நட்டநடுவில் போய்ப் படுத்துக்கொண்டது, தென்மூலைக்குத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் தோன்றவில்லை. மறுபடி சிமெண்டை யாரும் கையில் எடுக்கவில்லை, இடைவெளியும் அதற்குமேல் பெருகவில்லை. திருப்பூரிலிருந்து கெத்சியாள் மாதம் ஒருமுறை வந்தாள். அம்மாவோடு முன்போலப் பேசினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் பேசினாள்.

திறந்த கிரில் வழியாக வந்துபோன ஒரே ஆள் மாசிலாமணி. ஒவ்வொரு ஞாயிறும் வெள்ளைச்சட்டை போட்டு, அகலமான வாசலில் ஒற்றை ஆளாக நுழைந்து, காற்று கொண்டுவந்து கொட்டியிருந்த மணலைக் காலால் ஒதுக்கிவிட்டு, முன்வரிசையில் உட்கார்வார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, யாரும் அவரோடு நடக்கவும் இல்லை. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் ஏறிமுடித்து, கடைசி ஆளாகச் சுகிர்தம் ஏணியில் கைவைத்தபோது, பின்னால் யாரோ இருமினார்கள். மாசிலாமணி. சாவிக்கொத்து கக்கத்தில் இல்லை.

"எனக்கு முட்டி வலி" என்றார்.

சுகிர்தம் நகர்ந்து வழிவிட்டு, ஏணியின் அடியில் காலை முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அவர் முதல் படியில் ஏறினார். இரண்டாவது படியில் ஏறி, நின்று, கீழே குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதிய அண்ணாச்சி," என்றாள் சுகிர்தம். "ஏணி ஆடக்கூடாதுன்னுதான் பிடிச்சிருக்கேன்."

"தெரியும் பிள்ள," என்றார் மாசிலாமணி, அடுத்த படியில் காலை வைத்து.